விசைப்பலகை பழகுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கே: பல வருடங்களாக ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றித்தான் எழுதுகிறேன். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாற ஆசை. ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் போதுமா? – வாசகி, தஞ்சாவூர்

ப: வேண்டாம். அந்த நான்கு மணியை நாளுக்கு அரை மணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்கிய ஆய்வு ஒன்று 1978இல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் அதே தேர்ச்சியை எட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், பயிற்சியில் திருப்தி குறைந்தவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். ஆகவே ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று தோன்றினால் அதை நம்பாதீர்கள்.

முதல் வாரம் நடு வரிசை மட்டும். இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. இவற்றிலேயே இதயம், உதயம், அம்மி, பந்து, எந்த என்று சொற்கள் கிடைத்துவிடும். அம்மிக்குப் புள்ளி தட்ட வேண்டாம். அ, ம, ம, இ போதும். ந-வை அடுத்துத் த வந்தாலும் புள்ளி தானே விழும். இந்தச் சலுகை ‘மமதை’யில் காலை வாரும். அங்கே ம, அ, ம என்று நடுவில் ஓர் அ தட்ட வேண்டும்.

கே: ஒரு மாதமாகப் பழகுகிறேன். ல, ள, ர, ற நான்கும் குழம்புகின்றன. வேகமும் நின்றுவிட்டது. – வாசகர், கோவில்பட்டி

ப: நான்கும் வலது ஆள்காட்டி விரலுக்கே உரியவை. போதாததற்குக் க, ப இரண்டும் அதே விரலில். ள, ற மேல் வரிசை; ல, ர கீழ் வரிசை. ‘லலல, ளளள’ என்று தனித்தனியாக அடித்தால் அந்த நிமிடம் சரியாக வரும், கட்டுரை எழுதும்போது வராது. வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. அரை, அறை என்று கலந்து அடியுங்கள். தவறு கூடும், கூடட்டும். ஒவ்வொரு தவறுக்கும் விரல் மாறியதா, எழுத்தே சந்தேகமா என்று குறித்து வையுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டி, மென்பொருள் காட்டும் பட்டியலிலிருந்து சொல்லைப் பொறுக்கியே பழகியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் சிக்கல். அதற்கு விரல் பயிற்சி உதவாது. பக்கத்தில் அகராதி வேண்டும்.

வேகத்துக்கு: பத்து நிமிடம், தவறே வராத அளவுக்கு மெதுவாக. பிறகு இரண்டு நிமிடம், தவறைப் பொருட்படுத்தாமல் முடிந்த வேகத்தில். எந்தச் சொல்லில் விரல் தடுக்குகிறது என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மறுநாள் பாடம் அந்தச் சொற்களே.

கே: விசைகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டலாமா? – வாசகர், ஈரோடு

ப: ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், விரல் பழகாது. படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள சின்ன மேடுதான் ஆள்காட்டி விரல்களுக்கு அடையாளம். தமிழில் அவை புள்ளியும் ப-வும்.