வறட்சி, விறைப்பு, வயது – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

எனக்கு வயது 56. பீரியட்ஸ் நின்று நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக என் வீட்டுக்காரரோடு சேரும்போது நுழையும் இடத்திலேயே பிளேடால் கீறியதுபோல எரிகிறது. மறுநாள் சிறுநீர் போகும்போதும் எரிச்சல். இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டேன். நான் ஒதுங்க ஒதுங்க, தன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்கு 62 வயது. பதினோரு வருடமாக சுகர், பிரஷருக்கும் மாத்திரை. ஏழெட்டு மாதமாக அவருக்கும் விறைப்பு சரியாக வருவதில்லை. நண்பர் ஒருவர் கொடுத்த மாத்திரையை என்னிடம் சொல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறார். தலைவலி வந்ததுதான் மிச்சம். இப்போது தனித்தனி அறையில் படுக்கிறோம். பேரன் எடுத்த வயதில் இதைப் போய் டாக்டரிடம் கேட்பதா என்று கூச்சமாக இருக்கிறது.

பேரனைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். 13 வயது, எங்களோடுதான் இருக்கிறான். ஒரு பக்க மார்புக் காம்புக்குப் பின்னால் சின்னதாகக் கட்டி, தொட்டால் வலிக்கிறது என்றான். சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான், விளையாடவும் போவதில்லை. சில நாள் விடியற்காலையில் படுக்கை விரிப்பை யாருக்கும் தெரியாமல் துவைத்துப் போடுகிறான். அவனிடம் யார், என்ன பேசுவது?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு மருத்துவருக்கு வேண்டிய விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. இதே கடிதத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் மகப்பேறு மருத்துவரிடம் நீட்டினால் போதும், வாய் திறந்து சொல்லக்கூட வேண்டாம்.

முதலில் உங்கள் எரிச்சல். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு விழுந்துவிடுகிறது. யோனியின் உட்சுவர் தடிப்பாகவும் மடிப்பு மடிப்பாகவும் ஈரமாகவும் இருப்பது அந்த ஹார்மோனால்தான். அது குறைந்ததும் சுவர் மெலிகிறது, மடிப்புகள் மறைகின்றன, விரிந்து கொடுக்கும் தன்மை போகிறது. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸும் குறைகிறது. அது உண்டாக்கும் அமிலம்தான் அதுவரை கிருமிகளைத் தடுத்துக்கொண்டிருந்தது. அமிலத்தன்மை குறைந்ததும் குடலில் இருந்து வரும் கிருமிகள் சிறுநீர்த் துவாரத்தை எளிதாக எட்டுகின்றன. எனவே உங்கள் கீறல் வலியும் மூன்று முறை வந்த சிறுநீர்த் தொற்றும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஆன்டிபயாடிக் தொற்றைத்தான் ஆற்றும். மெலிந்த சுவர் அப்படியே இருப்பதால் தொற்று திரும்பி வருகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. உடம்பில் திடீரென்று சூடு பரவி வியர்க்குமே, அது சில வருடங்களில் பெரும்பாலும் தானாகக் குறையும். வறட்சி அப்படிக் குறையாது, விட்டால் கூடும். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்" என்ற யோசனை இங்கே மட்டும் வேண்டாம்.

மருந்துக்கடையில் இரண்டு வகை ஜெல் கிடைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் "போட்டேன், பலன் இல்லை" என்கிறார்கள். ஒன்று உறவின்போது மட்டும் பயன்படுத்தும் வழுக்கும் ஜெல். ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து நுழைவாயிலிலும் ஆணுறுப்பிலும் தாராளமாகத் தடவ வேண்டும், காய்ந்தால் மறுபடி தடவலாம். மற்றொன்று ஈரப்பதம் காக்கும் ஜெல். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று முறை, இரவில் உள்ளே வைப்பது. வாங்கும்போது வாசனை, சூடேற்றும் பொருள், அதிக கிளிசரின் இல்லாததாகப் பாருங்கள். உப்புச்செறிவு போலவே ஜெல்லுக்கும் ஓர் அடர்த்தி அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை ஆஸ்மொலாலிட்டி 1200-க்குள் வைக்கச் சொல்கிறது, 380-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. இதைவிட அடர்த்தியான ஜெல் செல்களில் உள்ள நீரை உறிஞ்சி எரிச்சலைக் கூட்டும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெயும் வாசலினும் தடவக்கூடாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவுவதையும் நிறுத்துங்கள். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

உங்கள் நிலைக்கு ஜெல் மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். யோனியில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன்தான் மெலிந்த சுவரை மறுபடி தடிக்க வைக்கும். எஸ்ட்ரியால் க்ரீம் என்றால் வழக்கமாக ஒரு வேளைக்கு 0.5 மில்லிகிராம், எஸ்ட்ரடையால் மாத்திரை என்றால் 10 மைக்ரோகிராம். இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரமும் முழுப் பலனுக்கு மூன்று மாதமும் ஆகும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் இதில் குறைகிறது.

இதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. குணமானதும் நிறுத்திவிடுவது முதல் தவறு, சில வாரங்களில் வறட்சி திரும்பிவிடும். க்ரீமை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, வலிக்கும் நுழைவாயிலை விட்டுவிடுவது இரண்டாவது. விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து நுழைவாயிலிலும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் தடவுங்கள். உறவுக்கு முன் வழுக்குவதற்காக இந்த க்ரீமைப் பூசுவது மூன்றாவது, அது உங்கள் கணவரின் தோல் வழியாக அவருக்குள்ளும் போகும். பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைப் படித்துப் பயந்து தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் உடல் முழுவதும் பரவும் ஹார்மோன் மாத்திரைகளை ஆராய்ந்து எழுதப்பட்டவை. யோனியில் வைக்கும் இந்தச் சிறிய அளவில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும், அதற்குச் சிகிச்சை அளித்த மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மருந்து எழுதும் முன் மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். எல்லா எரிச்சலும் வறட்சி அல்ல. தோல் வெளுத்துக் காகிதம்போல் மெலிந்து, இரவில் அரிப்பு தாங்காமல் இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும், ஈஸ்ட்ரோஜன் போதாது. வலி வாசலில் இல்லாமல் ஆழத்தில் இருந்தால் கருப்பையையும் சினைப்பையையும் ஸ்கேன் செய்ய வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சோதிக்காமல் விடாதீர்கள். பெரும்பாலும் வறட்சியால்தான் இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே.

இரண்டு வருடம் வலித்த இடத்தில் இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகிவிடும். சூடு பட்ட கை பின்வாங்குவதுபோல. புண் ஆறியபிறகும் வலி தொடர்வதற்கு இது ஒரு காரணம். இந்த நிலையில் தசையைச் சுருக்கும் கீகல் பயிற்சி செய்தால் இறுக்கம் கூடும். உங்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது வயிறு எழ, அதே நேரத்தில் கீழ்த்தசையை விட்டுக்கொடுங்கள். தினம் ஐந்து நிமிடம். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கணவர். இந்தக் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது அவர் விஷயம்தான். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் நாளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். சுகரும் பிரஷரும் கொழுப்பும் நாளச் சுவரைக் கெடுக்கும்போது, சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்புக் குறைவு வரக்கூடும். எனவே அவர் முதலில் போக வேண்டியது அவருடைய சுகர் டாக்டரிடம். மூன்று மாத சராசரி சுகர், கொழுப்பு அளவுகள், ரத்த அழுத்தம், ஈசிஜி, காலை 11 மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு இவையெல்லாம் பார்க்கப்பட வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவு.

தூங்கி எழும்போது விறைப்பு வருகிறதா என்று அவரிடம் மருத்துவர் கேட்பார். காலையில் நன்றாக வந்து உறவின்போது மட்டும் வராவிட்டால் பதற்றத்தின் பங்கு அதிகம். காலையிலும் இல்லை என்றால் நாளம், நரம்பு, ஹார்மோன் பக்கம் தேட வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கரும், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகையும், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கக்கூடும். அவராக நிறுத்தக்கூடாது, மாற்றித்தரக் கேட்கலாம். சுகருக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்தோலில் பூஞ்சை வந்து வெடிப்பும் அரிப்பும் உண்டாகலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது உங்களையும் அரிக்கும்.

நண்பர் கொடுத்த மாத்திரை பெரும்பாலும் சில்டெனாஃபில் அல்லது டடலாஃபில் ஆக இருக்கும். நல்ல மருந்துகள்தான், ஆனால் கைமாற்றாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்துகள் அல்ல. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு விழுந்து உயிரே போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக்கூடாது. அதனால்தான் அவர் என்ன சாப்பிட்டார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். "இயற்கை", "மூலிகை" என்று விற்கப்படும் வீரிய மாத்திரைகளிலும் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அன்று ஏன் பலிக்கவில்லை? கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் சில்டெனாஃபில் தாமதமாகவும் குறைவாகவும் வேலை செய்யும். ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். அது ஆசையை உண்டாக்காது. தொடுதலும் கிளர்ச்சியும் இருந்தால்தான் உறுப்பில் ரத்தத்தைத் தேக்கி வைக்கும். ஒளித்துப் போட்டுவிட்டு, மனைவி ஒதுங்குவாளோ என்ற பயத்தோடு படுத்தவருக்கு அது எப்படிப் பலிக்கும்? சரியான அளவில், சரியான முறையில் ஆறு முதல் எட்டு தடவை பார்த்தபின்தான் மருந்து தோற்றது என்று சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 25. டடலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்பதால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தினமும் 5 மில்லிகிராம் எடுக்கும் முறையும் உண்டு, புராஸ்டேட் வீக்கத் தொல்லைக்கும் அது உதவும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்றதையும் இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் தலைசுற்றல் வரலாம், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காமல் நின்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடக் குழாய், உறுப்பில் போடும் ஊசி, உள்ளே பொருத்தும் கருவி என்று வழிகள் இருக்கின்றன.

உறவு கொள்ள இதயம் தாங்குமா என்பதற்கு வீட்டிலேயே ஒரு அளவுகோல் உண்டு. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடிப்படி விறுவிறுவென்று ஏற முடிகிறதா? ஏற முடிந்தால் பெரும்பாலும் தாங்கும்.

உங்கள் வலியும் அவர் விறைப்பும் தனித்தனி நோய்கள்போல் தோன்றினாலும் இப்போது ஒன்றுக்கொன்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வலிக்குப் பயந்து இறுகுகிறீர்கள். அதை வெறுப்பு என்று அவர் படித்துக்கொள்கிறார். அந்தப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் நாளங்களைச் சுருக்கி, இருக்கிற விறைப்பையும் கெடுக்கிறது. இதை அறுக்க 1970-ல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறை இன்றும் பயன்படுகிறது. மூன்று வாரத்துக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாரம் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு உடம்பின் மற்ற இடங்களை இருபது நிமிடம் மாறி மாறித் தொடுவது மட்டும். அடுத்த வாரம் அவற்றையும் சேர்க்கலாம். விறைப்பு வந்தாலும் அன்று உறவு கிடையாது. க்ரீம் வேலை செய்யவும் அந்த மூன்று வாரம் தேவைப்படுகிறது. பிறகு தொடங்கும்போது நீங்கள் மேலே இருங்கள். வேகமும் ஆழமும் உங்கள் கையில் இருந்தால் தசை இறுகாது. அறுபதுக்கு மேல் ஆண்களுக்கு விறைப்பு வர நேரடியான தொடுதல் அதிகம் தேவைப்படும், ஒருமுறை முடிந்தால் மறுமுறைக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அது நோய் அல்ல.

பேரனிடம் தாத்தா பேசட்டும். பூப்பு நடக்கும் பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மார்புக் காம்பின் கீழ் இப்படி ஒரு வட்டத் திசு வரும். ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு, தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் மறைந்துவிடும். புற்றுநோய் அல்ல, பெண்தன்மையும் அல்ல என்று அந்தச் சொற்களாலேயே சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் அவன் பயப்படுவது அந்த இரண்டுக்கும்தான். வேகமாகப் பெரிதானாலோ, கசிவு இருந்தாலோ, இரண்டு வருடம் தாண்டினாலோ காட்டிவிடலாம். படுக்கை விரிப்பு விஷயம் தூக்கத்தில் விந்து வெளியேறுவது. இதனால் பலமோ படிப்போ உயரமோ குறையாது. ஒருமுறை வெளியேறுவது ஒன்றரை முதல் ஐந்து மில்லிலிட்டர், அதில் பெரும்பகுதி தண்ணீர். சுயஇன்பத்தைப் பற்றி அவன் கேட்டாலும் இதையே சொல்லலாம், தனியறையில் செய்வது என்பதையும் சேர்த்து. குளிக்கும்போது முன்தோல் தானாகப் பின்வாங்கினால் தண்ணீரால் கழுவிவிட்டு முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், பின்வாங்காவிட்டால் வலிந்து இழுக்கக் கூடாது. உடலுறவால் பரவி, சில புற்றுநோய்களை உண்டாக்கும் HPV என்ற வைரஸுக்கான தடுப்பூசி போடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், 9 முதல் 14 வயது அதற்கு ஏற்ற காலம்.

கூச்சத்தால் அவன் மறைக்கக்கூடாத வலி ஒன்று உண்டு. விரை திடீரென்று கடுமையாக வலித்து, மேலே ஏறி, வாந்தி வந்தால் அது முறுக்கிக்கொண்ட விரையாக இருக்கலாம். அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லிப் படுத்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விரையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. நடு இரவு என்றாலும் தாத்தாவை எழுப்பு என்று அவனிடம் இன்றே சொல்லி வையுங்கள்.