கூடாரத்துக்குப் பின்னால்: வாசகர் கேள்வி பதில்

(பல வருஷம் சர்க்கஸ் கூடாரத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது கடலூரில் குடியிருப்பவர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்த என் தம்பி, சர்க்கஸில் லைட், ஜெனரேட்டர் வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அனுப்பலாமா? (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: அனுப்பலாம் தங்கச்சி. ஆனால் லைட் வேலை மட்டும்தான் என்று நினைத்துப் போனால் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவான். சர்க்கஸில் எலக்ட்ரீஷியனும் கயிறு இழுப்பார், கேலரிப் பலகை சுமப்பார், லாரியில் லோடு ஏற்றுவார். கடைசிக் காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிடுவோம், அப்புறம் ராத்திரி முழுக்க அவிழ்ப்பதும் ஏற்றுவதும்தான், தூக்கமெல்லாம் லாரியில். அடுத்த ஊரில் இறங்கியதும் கூடாரக் கயிறு கட்ட மண்ணில் முளை அடிக்க வேண்டும்.

நீங்கள் கோமாளியைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சில நிமிஷத்தில்தான் பின்னாலிருந்து ஆட்கள் ஓடிவந்து, அந்தரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவுகிற பார் விளையாட்டுக்கு வலை கட்டுகிறார்கள். தொய்வாகக் கட்டினால் விழுகிறவர் தரையில் மோதுவார், ரொம்ப விறைப்பாகக் கட்டினால் எகிறி வெளியே போய் விழுவார். கயிற்றில் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்க்கும்போது கைக்கே அந்தப் பதம் தெரிய வேண்டும். மேலே பறக்கிறவருக்குக் கிடைக்கிற கைதட்டலில் பாதி வலை கட்டினவருக்குச் சேர வேண்டியது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் தம்பிக்கு இன்னொன்று. 1981 பிப்ரவரியில் பெங்களூருவில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து 90 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கூடாரத்துணியை ஒட்டி ஒயர் ஓடும்போது ஒரு ஜாயிண்ட்டில்கூட அலட்சியம் கூடாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் சரி, முழுசாகச் சோதிக்காமல் சுவிட்சைப் போடக்கூடாது.

மழையில் காட்சி நின்றால் சம்பளம் உண்டா, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். நான் இருந்த ஒரு கம்பெனியில் கம்பம் சரிந்து கால் முறிந்தவரைக் கொஞ்சம் பணம் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டார்கள். அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

கேள்வி: சிங்கம், புலி இல்லாத சர்க்கஸ் எப்போதிலிருந்து? சின்னப் பிள்ளைகளையும் காணோமே? (வாசகர், பண்ருட்டி)

பதில்: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது, 2001-ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. பிள்ளைகளைச் சர்க்கஸில் வைக்கக்கூடாது என்று 2011-ல் அதே நீதிமன்றம் சொன்னது. கூட்டம் குறைந்தது நிஜம்தான். இருந்தாலும் கூண்டுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே நல்லதுக்குத்தான் நடந்தது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் கூடாரம் போட்டால் தாங்குமா? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: மழையைத் தாங்கும், காற்றைத்தான் நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ என்ற புயல் கரையேறியதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண் ஊறினால் முளை இளகிவிடும். துணியில் தண்ணீர் குளம்போலத் தேங்கும், உள்ளே நின்று கழியால் மேலே தள்ளி வடிக்க வேண்டும். பருத்தி, சணல் கயிறு நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கும், அதனால் ராத்திரியில் எழுந்து தளர்த்தி விடுவோம். நைலான் கயிறு நேர்மாறு, ஈரத்தில் கொஞ்சம் நீளும், அதை இறுக்க வேண்டும். காற்று வலுத்துவிட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆட்களை வெளியேற்றி, கூடாரத்தை இறக்கிவிட வேண்டியதுதான்.