காவல் நிலையத்தில் உங்கள் பக்கம் உட்காரும் ஆள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "புகார் கொடுக்கப் போகும்போது அங்கே சமூகப் பணியாளர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக நிற்கும் அந்த வேலையைப் பதினான்கு வருடம் காவல் துறையோடு சேர்ந்து பார்த்தவள் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் திருட்டு நடந்து நான்கு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தார். காவல் நிலையத்தோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர் என்றார். தூக்கம் வருகிறதா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். திருடனைப் பிடிக்காமல் என் தூக்கத்தை ஏன் விசாரிக்கிறார்கள்? எங்கள் மேலேயே சந்தேகமா?

சந்தேகம் இல்லை. திருடனைப் பிடிப்பது அவர் வேலையே இல்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு நாள் பூட்டு மாற்றுவது, போனதைக் கணக்கெடுப்பது, வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்வது என்று ஓடிவிடும். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் ராத்திரி சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உட்காருவதும், பிள்ளை தனியாக அறைக்குள் போகமாட்டேன் என்பதும் தொடங்கும். பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்தில் 1974-ல், குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிக் காவல் துறை தகவல் கொடுக்க, தன்னார்வலர்கள் அவர்களைத் தேடிப் போய் உதவும் ஏற்பாடு தொடங்கியது. பிறகு அது நாடு முழுவதும் பரவியது. உங்களுக்கு வந்த போனும் அந்த மாதிரிதான்.

அவரிடம் என்ன கேட்கலாம்? வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, காப்பீட்டுக்கு எந்தக் காகிதம் வேண்டும், அதை யாரிடம் வாங்குவது, வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கடிதம் கிடைக்குமா, இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதனால் உங்கள் வழக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்று: போனில் யார் வேண்டுமானாலும் என்ன பெயரும் சொல்லலாம். முதலில் வைத்துவிட்டு, நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் அவரே இதைத்தான் செய்யச் சொல்வார்.

என் தங்கையை அவள் கணவர் அடிக்கிறார். ஒருமுறை காவலர்கள் வந்தார்கள், சமூகப் பணியாளர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "அவளிடம் சொன்னால் எல்லாம் போலீசுக்குப் போய்விடும், பிறகு இவர் என்னைக் கொன்றேவிடுவார்" என்று தங்கை பயப்படுகிறாள். சொல்லலாமா, கூடாதா?

உங்கள் தங்கை கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. அதை அந்தப் பணியாளரிடமே, முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்கச் சொல்லுங்கள்: "நான் சொல்வதில் எது உங்களோடு நிற்கும், எது போலீசுக்குப் போகும்?" நல்ல பணியாளர் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்வார். பெரும்பாலான இடங்களில் நடைமுறை இதுதான்: உங்கள் சம்மதம் இல்லாமல் விவரம் போகாது, ஆனால் குழந்தைக்கு ஆபத்து இருந்தாலோ யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து இருந்தாலோ சொல்லியே ஆக வேண்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கையெழுத்துப் போடச் சொன்னால், எந்த விவரம், யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். "தேவையானவர்களுக்கு" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "போன மாதம் கழுத்தைப் பிடித்து நெரித்தாராம், ஆனால் காயம் ஒன்றும் இல்லை." காயம் இல்லை என்பதால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கழுத்தை நெரித்ததில் பல சமயம் வெளியே ஒரு தடமும் தெரியாது, உள்ளே பாதிப்பு இருக்கும், சில நாள் கழித்தும் ஆபத்தாக முடியலாம். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளர், கணவனாலோ துணையாலோ கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து 1980களில் ஆபத்தை மதிப்பிடும் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆகவே தங்கையை இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இந்த ஆராய்ச்சியை வைத்தே ஒரு முறை கொண்டுவந்தார்கள். சண்டை நடந்த வீட்டுக்குப் போகும் காவலர் அங்கேயே நின்று 11 கேள்வி கேட்கிறார். உன்மேல் ஆயுதத்தைப் பயன்படுத்தினாரா அல்லது ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாரா, கொல்வேன் என்றாரா, அவர் கொல்ல முயல்வார் என்று நீ நினைக்கிறாயா என்பவை முதல் மூன்று. இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் காவலர் தன் போனிலேயே ஆதரவுப் பணியாளரை அழைத்து, போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் பேசச் சொல்கிறார். எண் எழுதிய சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சீட்டை வீட்டில் வைக்கவே முடியாத பெண்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில நிலையங்களில் 'கவுன்சலிங்' என்ற பெயரில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, சமாதானமாகப் போங்கள் என்று எழுதி வாங்குவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடிபட்டவள் எப்படி வாயைத் திறப்பாள்? தங்கையைத் தனியாகப் பேசவைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அவள் பிரிந்து வர முடிவெடுத்தால், கிளம்பும் நாளும் அதையொட்டிய வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். எப்போது, எந்த வழியாக, யாரோடு, எந்தக் காகிதங்களோடு என்பதை அந்தப் பணியாளரோடு உட்கார்ந்து முன்கூட்டியே திட்டமிடுங்கள். எந்த நேரத்திலும் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், பணியாளர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

நான் விசாரணை அதிகாரி. ஒரு பாலியல் வன்முறை வழக்கில் வாக்குமூலம் வாங்கப் போனால், சமூகப் பணியாளர் "அவள் இப்போது பேசும் நிலையில் இல்லை, நேரம் கொடுங்கள்" என்கிறார். நேரம் போனால் சாட்சியம் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நல்லது செய்வதாக நினைத்து வழக்கைக் கெடுக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம். தவறா?

வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி ஐயா. பாதி சரி என்று சொல்வேன். உடலில் இருக்கும் தடயம் காத்திருக்காது. மருத்துவப் பரிசோதனை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, வழக்கமாக 72 மணி நேரம் என்பார்கள், இப்போது பல இடங்களில் ஐந்து நாள் வரைக்கும் மாதிரி எடுக்கிறார்கள். குளிக்க வேண்டாம், உடையைத் துவைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால் காகிதப் பையில் போட்டு வையுங்கள் என்று சொல்ல வேண்டியது பணியாளரின் கடமை. பல நாடுகளில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். இதைச் சொல்லாமல் "ஓய்வெடு" என்று மட்டும் சொல்லும் பணியாளர் மேல் எனக்கும் கோபம் வரும்.

ஆனால் முழு வாக்குமூலம் வேறு விஷயம். 1974-ல் செவிலியர் ஆன் பர்ஜெஸ், சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் இருவரும் அமெரிக்காவின் பாஸ்டனில், பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஒரு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நேரடியாகப் பேசி எழுதிய ஆய்வைப் படித்தால் உங்களுக்கு ஒன்று புரியும். சிலர் அழுதார்கள், நடுங்கினார்கள். அதே அளவுக்கு வேறு சிலர் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்துவிட்டு "இவள் பொய் சொல்கிறாள்" என்று எழுதிவைத்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். பயத்தில் உடம்பு உறைந்துபோனவருக்கு, எதிரில் இருந்தவன் சட்டையின் பொத்தான் நினைவிருக்கும், மணி என்ன என்பது நினைவிருக்காது. இரவு முழுக்கத் தூங்காதவரிடம் வரிசையாகச் சொல் என்று அழுத்தினால் இடைவெளியை ஊகத்தால் நிரப்புவார், அதையே பிறகு குறுக்கு விசாரணையில் எடுத்துக் காட்டி உங்கள் வழக்கை உடைப்பார்கள். எனவே அன்றைக்கே வேண்டியதை, அதாவது யார், எங்கே, இன்னும் ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விரிவானதை ஒன்றிரண்டு தூக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் 1985-ல் ஓர் அரசு வழக்கறிஞர் முன்னின்று தொடங்கிய மையம் இதற்கு வழிகாட்டியது. காவலர், மருத்துவர், சமூகப் பணியாளர் என்று ஆளாளுக்குக் குழந்தையிடம் அதே கதையைக் கேட்காமல், பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் கேட்க, மற்றவர்கள் அதை வைத்து வேலை செய்வார்கள்.

உங்களோடு வேலை செய்யும் பணியாளருக்கும் ஓர் எல்லை உண்டு. நடந்ததை அவர் தோண்டித் தோண்டிக் கேட்கக் கூடாது, "இப்படிச் சொல்" என்று சொல்லிக்கொடுக்கவே கூடாது. அவர் குறிப்பேட்டையும் நீதிமன்றம் கேட்கலாம். இதையெல்லாம் வழக்கு நடக்கும்போது சண்டையாகப் பேசாமல், வழக்கு இல்லாத ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் செய்தோம். முதல் வருடம் முகம் கொடுத்தே பேசாதவர், பிறகு சம்பவ இடத்திலிருந்தே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

சமூகப் பணி படிக்கிறேன். காவல் நிலையத்தில் வேலை செய்ய ஆசை. "போனால் நீயும் போலீஸ் ஆகிவிடுவாய்" என்கிறார்கள் தோழிகள்.

அந்தப் பயம் வீண் அல்ல. தினமும் அவர்களோடு டீ குடித்து, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகினால் "இவளுக்கு இதே வேலை, மறுபடி வந்துவிட்டாள்" என்று நமக்கும் வாயில் வந்துவிடும். வந்திருக்கிறது. அன்று என்னைக் கண்டித்தது என் மேற்பார்வையாளர். அவர் காவல் துறையைச் சேராதவர் என்பதால்தான் அது முடிந்தது. ஆகவே வேலையில் சேரும் முன் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதைவிட, உன் வேலையை யார் மேற்பார்வை செய்வார்கள் என்று கேள். மும்பையில் 1984-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் நகரக் காவல் துறையும் சேர்ந்து பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைக் காவல் துறை வளாகத்துக்குள்ளேயே தொடங்கின. இருக்கை அங்கே, ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள். நாற்பது வருடம் கழித்தும் அது நடக்கிறது, மாநிலம் முழுக்கப் பரவியும் இருக்கிறது.

கதவு மூடக்கூடிய தனி அறை, பூட்டுள்ள அலமாரி, சீருடை இல்லாத உடை, இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதே அம்மா. "அவள் வீட்டுக்குப் போகிறாயே, அவள் தம்பி எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வா" என்று யாராவது ஒருநாள் சாதாரணமாகக் கேட்பார்கள். முடியாது என்று சொல். ஒருமுறை சரி என்றால் அந்தத் தெருவில் அடுத்து எந்தப் பெண்ணும் உனக்குக் கதவைத் திறக்கமாட்டாள்.

இதெல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா? என் மாமா போன் மோசடியில் பணத்தை இழந்துவிட்டு யாரிடமும் பேசாமல் இருக்கிறார்.

எல்லோருக்கும்தான். மோசடியில் ஏமாந்த ஆண்கள் வெட்கத்திலேயே ஒடுங்கிப்போகிறார்கள், வீட்டார் "எப்படி ஏமாந்தீர்கள்?" என்று கேட்கக் கேட்க இன்னும் மோசமாகும். முதலில் வங்கியையும் காவல் துறையையும் உடனே கூப்பிடுங்கள், பணத்தை நிறுத்த முடியும் என்றால் அது முதல் சில மணி நேரத்தில்தான். பிறகு அவருக்காக நீங்களே பணியாளரைக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

என் மகனைக் கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வரும்வரை வாராவாரம் கூப்பிட்ட சமூகப் பணியாளர் அதோடு நின்றுவிட்டார். இப்போது அவன் வெளியே வரப்போகிறான் என்று தெருவில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

தோன்றியிருக்க வேண்டும் ஐயா. தீர்ப்போடு கோப்பை மூடிவிடுவது எங்கள் வேலையில் நடக்கும் பெரிய தவறு, நானும் செய்திருக்கிறேன். 1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனமே, வழக்கு எப்படி நகர்கிறது, எப்படி முடிகிறது என்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தையும் அது பாதிக்கப்பட்டவர்கள் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆனாலும் பல நாடுகளில் விடுதலைச் செய்தி தானாக வராது, நாம் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு மூன்று கடிதம் எழுதுங்கள்: சிறைக்கு, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, வழக்கு நடந்த காவல் நிலையத்துக்கு. விடுதலையோ பரோலோ எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கக் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவன் உங்கள் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை கேட்க வழி இருக்கிறதா என்றும் அதிலேயே கேளுங்கள். பழைய பணியாளர் மாறிப் போயிருந்தால் அவர் இடத்தில் இருப்பவரைக் கேளுங்கள், கோப்பு மூடியிருந்தாலும் திறக்கலாம். உங்கள் மனைவி வாசல் பக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தின் கீழே போன் நம்பர் எழுதியிருந்தீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நான் கூப்பிட்டிருப்பேன், அந்த மூன்று கடிதங்களையும் சேர்ந்தே எழுதிவிடலாம்.