காபிப் பொடி மாறியது நாக்குக்குத் தெரிகிறதா, காதுக்கா?

கேள்வி: ஒரு மாதமாக விலை குறைந்த காபிப் பொடி வாங்குகிறேன். வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பொடியை மாற்றியதைச் சொன்ன மறுநாளிலிருந்து ‘மணமே இல்லை’ என்கிறார்கள். நடிக்கிறார்களா?

பதில்: நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. நாக்கும் மூக்கும் அனுப்பும் சேதியோடு பழைய நினைவையும் எதிர்பார்ப்பையும் கலந்துதான் மூளை சுவையை உணர்கிறது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து பிரான்சில் 54 ஒயின் துறை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தார்கள் (2001-இல் வெளியான ஆய்வு). இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்றதற்கு இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. உங்கள் வீட்டாருக்கும் மணம் நிஜமாகவே குறைந்திருக்கலாம்.

பொடியில் வித்தியாசம் உண்டா என்று பார்க்க மூன்று டம்ளர் சோதனை போதும். ஒரே அளவுள்ள இரண்டு ஃபில்டர்களில் தலா 20 கிராம் பொடி, 150 மி.லி. கொதிநீர் விட்டு ஒரே நேரத்தில் இறக்குங்கள். டம்ளருக்கு 10 மி.லி. டிகாஷன், 30 மி.லி. பால், சர்க்கரை வேண்டாம்.

வரிசையைத் தாயக்கட்டை முடிவு செய்யட்டும் (ஆறு முகமுள்ளது). 1, 2, 3 விழுந்தால் அந்த இடத்து டம்ளரில் மட்டும் புதிய பொடி, மற்ற இரண்டிலும் பழையது. 4, 5, 6 விழுந்தால் தலைகீழ்: முறையே 1, 2, 3-ஆம் இடத்தில் மட்டும் பழையது. குடிப்பவர் ‘எது வேறு?’ என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டாலும் ஊகித்தே ஆக வேண்டும். இடையில் வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளிக்கட்டும். நாளுக்கு மூன்று சுற்று, நான்கு நாள். அதற்கு மேல் ஒரே நாளில் கொடுத்தால் நாக்கு மரத்துவிடும்.

சும்மா ஊகித்தாலே 12-க்கு 4 சரியாக வரும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வித்தியாசம் தெரிகிறது என்று நம்பலாம். ஊகத்தில் அப்படி அமைய 100-க்கு 2 வாய்ப்புதான்.

சோதனை பெரும்பாலும் கெடுவது நிறத்தாலும் சூட்டாலும். சிக்கரி கூடினால் டிகாஷன் கறுக்கும், கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். (பாக்கெட்டில் சிக்கரி சதவீதம் இருக்கும், ஒப்பிடுங்கள்.) குடிப்பவரின் கண்ணைக் கட்டிவிடுங்கள். கடைசியாக ஊற்றிய டம்ளர் சூடாக இருந்தாலும் போச்சு. முக்கியமாக, கலந்தவர் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, முகம் சொல்லிவிடும்.

8 வரவில்லையென்றால் மலிவான பொடியே போதும். அதைப் பழைய டப்பாவில் போட்டு வையுங்கள்.