பொதுச்சுவர்: பாதிப் பணம் கேட்பதற்கு முன்

கேள்வி: எங்களுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பது பொதுச்சுவர். பழைய மண் சுவர், ஓட்டு வீடு. போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்துப் பூச்சு ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தறிக்குழி இருக்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே ஓடு மாற்றுவது, சுவரைச் சரிசெய்வது, சிமென்ட் பூச்சு, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் என்றார். பாதி 18,000 கொடுக்கச் சொல்லி மகனை அனுப்பினேன். "உங்க பக்கமுங்க உளுந்துச்சு, நானெதுக்குக் காசு குடுக்கோணும்?" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பத்து வருடமாகவே எதற்கெடுத்தாலும் வம்புதான். போலீசில் சொல்லலாமா? உள்பக்கமாக இன்னொரு சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார்கள் மகன்கள்.
- ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: அம்மா, அவர் வம்புக்காரராகவே இருக்கட்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மேஸ்திரியை நீங்கள் வரவழைத்தீர்கள், வேலையை நீங்கள் முடிவு செய்தீர்கள், தொகையையும் நீங்களே வைத்துக்கொண்டு கடைசியில் பணத்துக்கு மட்டும் ஆள் அனுப்பினீர்கள். அந்த 36,000-க்குள் உங்கள் வீட்டு வெள்ளையடிப்பும் இருக்கிறது. அதில் பாதியை அவர் ஏன் தர வேண்டும்?

செலவை மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் பக்கத்துப் பூச்சும் வெள்ளையும் உங்களுடையவை. நடுச்சுவரும், இரண்டு கூரையும் சேருகிற இடமும் பொது. தண்ணீர் அவர் வீட்டுக் குளியலறையிலிருந்தோ குழாயிலிருந்தோ வருகிறதென்றால் அந்த வேலை முழுவதும் அவருடையது, அங்கே பாதி என்ற பேச்சே கிடையாது. ஆக முதலில் தெரிய வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

ஈரோட்டில் நான் குடியிருந்த ஓட்டு வீட்டிலும் இப்படி ஒரு சுவர் இருந்தது. நானும் உங்களைப் போலவே மதிப்புச் சீட்டோடு போய்ப் பணம் கேட்டேன், அவரும் கதவைச் சாத்தினார். பிறகு வந்த வயதான கொத்தனார் ஒருவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஓதம் பரவியிருந்த விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். "ஒரு வாரம் சும்மா பாருங்க" என்றார். அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் ஈரம் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை வந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், தேதியைப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுக் குழாயைத் தோண்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. என் பக்கப் பூச்சை என் செலவில்தான் பூசினேன். அதற்குப் பிறகும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் சுவர் காய்ந்துவிட்டது.

நீங்களும் அந்தக் கோட்டைப் போடுங்கள். மழையில்லாத நாளிலும் ஈரம் வளர்ந்தால் குழாயோ குளியலறையோதான். மழை பெய்தால் மட்டும் மேலிருந்து இறங்கினால் கூரை சேருகிற இடம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஏறி, உப்புப் பூத்து நின்றால் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. உங்களுக்கு ஆள் உயரத்துக்கு விழுந்திருக்கிறது, அதுவும் ஐப்பசி மழையில். கூரையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்தை வைத்து யாரிடமும் பணம் கேட்கக் கூடாது.

கிரையப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். நான்கெல்லை விவரத்தோடு அந்தச் சுவர் பொதுச்சுவர் என்றோ தனிச்சுவர் என்றோ எழுதியிருப்பார்கள். பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். தனிச்சுவர் என்று இருந்துவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

அப்புறம் மகனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். பொழுதோட, அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு போங்கள். பழைய சங்கதி எதையும் எடுக்காதீர்கள். "ஓதம் எங்கிருந்து வருதுன்னு நீங்க ஒருதடவை வந்து பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மேஸ்திரியையே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். தொகையை அவர் ஆளும் சொன்னால்தான் அவர் மனசு ஒப்பும். பணமாகத் தர மறுத்தால் ஓடாகவோ சுண்ணாம்பாகவோ வாங்கித் தரட்டும், இரண்டு தவணையாகத் தரட்டும். அதையெல்லாம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிமென்ட் பூச்சை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மண் சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டு, பூச்சு மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதற்குக் கை தேர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம்தான், தேடுங்கள்.

மகன்கள் சொல்லும் இரண்டாவது சுவர் வேண்டவே வேண்டாம். தறிக்கூடத்தில் இடம் போகும், இரண்டு சுவருக்கும் நடுவில் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் ஊறிக்கொண்டே இருக்கும். குழி நனைந்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். போலீசுக்கும் போக வேண்டாம். செலவில் பங்கு கேட்பது உரிமையியல் விவகாரம், நிலையத்தில் அதைத் தீர்க்க மாட்டார்கள். அடுத்த வீட்டோடு இருக்கிற பகை இரண்டு மடங்காகும், அவ்வளவுதான்.

நேரில் கேட்டும் அசையவில்லையென்றால் எழுத்தில் சொல்லுங்கள். என்ன வேலை, பொதுச் செலவு எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்குகிறோம், அவர் பங்கு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. வேலைக்கு முன்பே நீங்கள் எழுதியிருந்தால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும். பணத்தைக் கேட்க 3 ஆண்டு அவகாசம் உண்டு.

வழக்குப் போடாமலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். அவர்கள் இரண்டு பேரையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆனால் அவர் சம்மதத்துக்காக ஐப்பசி வரை காத்திருக்காதீர்கள். கூரைதான் காரணம் என்று தெரிந்தால், புரட்டாசி பாதிக்குள் கூரை சேருகிற இடத்தை மட்டும் உங்கள் செலவில் அடைத்துவிடுங்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் படம் எடுத்து, ரசீதுகளைப் பத்திரத்தோடு வையுங்கள். உட்பூச்சை இப்போது தொட வேண்டாம். தை பிறந்து வெயில் ஏறட்டும், பென்சில் கோட்டுக்குள் ஈரம் முழுதாக வற்றட்டும், அப்புறம் பூசிக்கொள்ளலாம்.