ஒரே எடை, ஒரே விட்டம். எது முதலில் இறங்கும்?

கேள்வி: காட்பாடி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு டயனமிக்ஸ் (விசையும் இயக்கமும் பற்றிய பாடம்) எடுக்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். எது ஏன் நகர்கிறது என்றால் பதில் வருவதில்லை. வகுப்பிலேயே செய்து காட்ட என்ன வாங்கலாம்? துறையில் பணம் அதிகம் இல்லை.

பதில்: எதையும் வாங்கும் முன் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வாருங்கள். ராணிப்பேட்டை வரை போனால் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 50 மி.மீ. விட்டத்தில் ஓர் அலுமினியத் தண்டு. அதே வெளிவிட்டத்தில், சுவர் 4.75 மி.மீ. வரும்படி உள்ளே கடைந்த ஓர் இரும்புக் குழாய். நீளமும் ஒன்றே. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் இரண்டும் ஒரே எடை நிற்கும். மாணவர்களே தராசில் வைத்துப் பார்க்கட்டும்.

1.5 மீட்டர் பலகையின் ஒரு முனையை 20 செ.மீ. உயர்த்துங்கள். உருட்டும் முன், எது முதலில் வரும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாதவன் வேடிக்கைதான் பார்ப்பான். எழுதியவனுக்குத்தான் காரணம் தெரிந்தாக வேண்டும்.

தண்டு கீழே வரும்போது குழாய் சுமார் 27 செ.மீ. பின்னால் இருக்கும். குழாயின் நிறை அச்சிலிருந்து விலகி இருப்பதால் ஆற்றலில் கூடுதல் பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. அப்புறம் சின்னதும் பெரியதுமாக இரண்டு கெட்டித் தண்டுகளை விடுங்கள். ஒன்றாகவே வரும். மொமெண்ட் ஆஃப் இனர்ஷியாவை, அதாவது சுழற்சி மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பை, வெறும் எடை என்று நினைத்தவர்கள் அங்கே திருந்துவார்கள்.

அடுத்தது, எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் காலி ஒயர் சுருள். இதற்கு முழு பீரியடே ஒதுக்கலாம். நடுத்தண்டில் நூலைச் சுற்றி, அடிப்பக்கமாக வரும் நூலைத் தரைக்கு இணையாக மெல்ல இழுத்தால் சுருள் உங்களை நோக்கி வரும். விலகிப் போகும் என்றுதான் பலர் எழுதியிருப்பார்கள். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு கோணத்தில் உருளாமல் வழுக்கும். அதையும் தாண்டினால் எதிர்ப்பக்கம் உருளும். நடுத்தண்டின் ஆரம் வெளி ஆரத்தில் பாதி என்றால் அந்தக் கோணம் 60 டிகிரி. அப்போது நூலின் கோட்டை நீட்டினால், சுருள் தரையைத் தொடும் புள்ளி வழியாகப் போகும். அந்தப் புள்ளியைப் பற்றித் திருப்புவிசை எடுக்கச் சொல்லுங்கள். கணக்கு இரண்டே வரி.

சுழலும் சக்கரத்தை அச்சில் பிடித்துக் காட்டும் சைக்கிள் சக்கர ஜைரோஸ்கோப் இப்போது வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் முப்பரிமாணச் சுழற்சி வரும்வரை அதை அவர்களால் விளக்க முடியாது.

அந்தக் காசில் ஒயர் சுருள் பத்து வாங்குங்கள். கடைசி பெஞ்சுக்காரர் கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.