பாட்டு எங்கே போச்சு? டிஜே லைப்ரரி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வியாதிதான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ரெக்கார்ட்பாக்ஸில் 600 பாட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வருகிறது. எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு மறுபடி ஏற்றலாமா? (சேலம்)

வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ரெக்கார்ட்பாக்ஸ் மாதிரி டிஜே மென்பொருள் பாட்டைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, அது எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியைத்தான் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஃபோல்டர் பெயரை மாற்றியிருப்பீர்கள், இல்லையென்றால் டவுன்லோட்ஸில் கிடந்ததை வேறு டிரைவுக்குத் தூக்கியிருப்பீர்கள். கலெக்‌ஷனிலிருந்து நீக்கினால் அந்தப் பாட்டுக்கு நீங்கள் உட்கார்ந்து போட்ட ஹாட் க்யூ (பாட்டில் நேராகக் குதிக்க வைக்கும் குறி), கிரிட் (தாளக் கோடுகள்) திருத்தம், அது எந்தெந்த ப்ளேலிஸ்டில் இருந்தது என்ற விவரம் எல்லாம் கூடவே போய்விடும். ஃபைல் மெனுவில் 'டிஸ்ப்ளே ஆல் மிஸ்ஸிங் ஃபைல்ஸ்' திறந்து, ரீலொகேட் கொடுத்து, பாட்டு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். செராட்டோ என்ற இன்னொரு டிஜே மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபைல்ஸ் பேனலில் அந்த ஃபோல்டரை 'ரீலொகேட் லாஸ்ட் ஃபைல்ஸ்' மேல் இழுத்துப் போட்டால் போதும்.

நான் எதையும் நகர்த்தவே இல்லை என்கிறவர்கள் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். விண்டோஸில் நேற்று 'இ' ஆக இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் இன்று 'எஃப்' ஆகியிருந்தால் மொத்த லைப்ரரியும் காணாமல் போனதாகத்தான் காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தைத் திருப்பிக் கொடுங்கள், எல்லாம் வந்துவிடும்.

மண்டபத்தில் சிடிஜே (பென் டிரைவிலிருந்து பாட்டு போடும் டிஜே ப்ளேயர்) என் பென் டிரைவை எடுக்கவே இல்லை. வீட்டு லேப்டாப்பில் நன்றாகத்தான் ஓடியது. என்ன காரணம்? (மதுரை)

எந்த மாடல் சிடிஜே, பென் டிரைவ் எந்த ஃபார்மட், ரெக்கார்ட்பாக்ஸில் எக்ஸ்போர்ட் செய்தீர்களா இல்லை சும்மா காப்பி பண்ணினீர்களா, இதில் ஒன்றைக்கூட எழுதாமல் காரணம் கேட்டால் எப்படி? என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டாக இருக்கும் என்பது என் ஊகம், அதை சிடிஜே படிக்காது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டை சிடிஜே-3000 மாடல் படிக்கும், பழைய சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 படிக்காது. அடுத்த மண்டபத்தில் எது இருக்கும் என்று தெரியாதபோது ஃபேட்32-தான் பாதுகாப்பு. அப்புறம், வெறுமனே இழுத்துப் போட்டால் பாட்டு ஓடும், ஆனால் க்யூவும் ப்ளேலிஸ்டும் வராது. எக்ஸ்போர்ட் செய்யுங்கள், எஜெக்ட் கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள், அதே போல இன்னொரு பென் டிரைவும் பையில் இருக்கட்டும்.

குத்துப் பாட்டுக்கு பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) 85 என்று ஒரு தடவை, 170 என்று ஒரு தடவை காட்டுகிறது. எது சரி? (கோலாலம்பூர்)

இரண்டும் ஒன்றுதான், இரட்டிப்பு. உங்கள் செட்டுக்கு எது வசதியோ அதை வைத்து, எல்லாப் பாட்டுக்கும் ஒரே முறையில் வையுங்கள். செராட்டோவில் அனலைஸ் செய்வதற்கு முன் பிபிஎம் ரேஞ்சை 78–155 என்று வைத்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். க்ளிக் (மெட்ரோனோம் தட்டு) இல்லாமல் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகள் வேறு கதை. அவற்றில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும், ஒரே கிரிட் கடைசி வரை பொருந்தாது. ரெக்கார்ட்பாக்ஸில் அந்தப் பாட்டுகளை மட்டும் டைனமிக் அனாலிசிஸில் போடுங்கள், அதற்குப் பிறகும் தானாக வேகம் சேர்க்கும் சிங்க்கை நம்பாமல் காதை நம்புங்கள்.

8ஏ கீயில் (பாட்டின் ஸ்ருதியைக் குறிக்கும் கேமலாட் எண்) இருக்கும் பாட்டுக்கு 9ஏ பாட்டு பொருந்தும் என்கிறார்கள், ஆனால் எனக்கு அபஸ்வரமாகக் கேட்கிறது. (கோவை)

விதி சரி, மென்பொருள் கண்டுபிடித்த கீ தப்பாக இருக்கலாம். அதற்குத் தெரிந்தது 12 மேஜர், 12 மைனர், அவ்வளவுதான். மாயாமாளவகௌளை சாயலில் ஒரு மெட்டு வந்தால் அதை அந்த 24-இல் ஏதாவது ஒன்றில் திணித்துத்தான் ஆகும். கீபோர்டில் ஆதார ஸ்ருதியைத் தொட்டுப் பார்த்து, தப்பென்றால் கையால் திருத்துங்கள்.

சீனியர் ஒருவர் தன் ஹார்ட் டிஸ்கை அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார், 20,000 பாட்டு. எல்லாமே 320 கேபிபிஎஸ் எம்பி3. ஏற்றிவிட்டேன், இப்போது எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படி ஒழுங்கு செய்வது? (தாம்பரம்)

தம்பி, இதை எத்தனை முறை எழுதினாலும் மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். 20,000 பாட்டு, பாட்டுக்கு 4 நிமிஷம் என்றால் தூங்காமல் கேட்டாலும் 55 நாள் ஆகும். நீங்கள் கேட்காத பாட்டு உங்கள் லைப்ரரி இல்லை, அவர் லைப்ரரி. அதுவும் அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்தது, அந்த இன்னொருவர் யாரிடமிருந்தோ எடுத்தது. பாடினவருக்கும் வாசித்தவருக்கும் அதில் ஒரு ரூபாய் போயிருக்காது. டைட்டிலில் டவுன்லோட் தளத்தின் பெயர், ஆல்பத்தில் தளத்தின் பெயர், அட்டைப் படத்தில்கூட தளத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. ஆரம்பத்தில் நானும் அப்படி ஒரு டிஸ்கை வாங்கி வைத்திருந்தேன். ஒரு ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது அவர்கள் கேட்ட பாட்டைப் போட்டேன், முன்னிசை வர வேண்டிய இடத்தில் ஒரு குரல் தளத்தின் முகவரியைப் படித்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

320 என்பதையும் நம்பாதீர்கள். யூடியூபிலிருந்து உருவி, 320-ஆக மாற்றிச் சேமித்தால் ஃபைல்தான் பெருக்கும், போன சத்தம் திரும்பி வராது. பாட்டின் அலைவரிசைகளை நிறப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதில் பாட்டைப் போட்டுப் பாருங்கள். உண்மையான 320 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறம் இருக்கும், 16-இல் கத்தியால் வெட்டியது போல நின்றால் அது பழைய 128-இன் வேஷம். வீட்டு ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது, மண்டபத்தில் பெரிய டாப் ஸ்பீக்கரில் சிம்பல் சத்தம் தகரமாக வரும்.

என்ன செய்யலாம் என்றால், அந்த 20,000-ஐ லைப்ரரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் 500 பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள் அல்லது சிடியிலிருந்து ஏற்றுங்கள். லைப்ரரியில் சேர்ப்பதற்கு முன்பே டேக் என்கிற பாட்டு விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக்கில் திறந்து ஆல்பத்தில் சினிமாவின் பெயர், ஆர்ட்டிஸ்டில் பாடகர், கம்போஸரில் இசையமைப்பாளர் என்று நிரப்புங்கள். கமென்ட்டில் கதாநாயகன் பெயரை எழுதுங்கள், ஏனென்றால் கூட்டத்திலிருந்து ஓடி வருகிறவர் பாட்டின் பெயரைச் சொல்லமாட்டார், யார் ஆடின பாட்டு என்றுதான் சொல்வார். ஆங்கில எழுத்தில் 'ழ'வை எப்படி எழுதுவது என்று இன்றைக்கே ஒரு முடிவுக்கு வாருங்கள், இல்லையென்றால் தேடும்போது பாதிப் பாட்டு வராது. ஏற்கனவே ஏற்றிய பாட்டின் டேக்கைத் திருத்தினால் ரெக்கார்ட்பாக்ஸில் 'ரீலோட் டேக்' கொடுக்க வேண்டும். டேக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஃபைல் பெயரையும் ஃபோல்டரையும் மட்டும் தொடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங் சந்தா இருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? (லண்டன்)

2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களிலிருந்து விலகியபோது ப்ளேலிஸ்ட் முழுவதையும் இழந்தவர்களைக் கேளுங்கள். அது திரும்பி வர 5 வருஷம் ஆனது. புதுப் பாட்டுக் கேட்டுப் பார்க்க ஸ்ட்ரீமிங், வேலைக்குச் சொந்த ஃபைல்.

வேவ் ஃபைல்களில் பாடகர் பெயர், அட்டைப் படம் எல்லாம் நிற்பதே இல்லை. (யாழ்ப்பாணம்)

வேவில் டேக் ஒழுங்காக நிற்காது. ஏஐஎஃப்எஃப் ஆக மாற்றுங்கள், தரம் அதேதான், நிமிஷத்துக்கு அதே 10 எம்பி.

பேக்கப்புக்கு ரெக்கார்ட்பாக்ஸின் 'பேக்கப் லைப்ரரி' மட்டும் போதுமா? (திருச்சி)

பாட்டு ஃபைல்களையும் சேர்க்கட்டுமா என்று அது கேட்கும்போது 'யெஸ்' கொடுக்காவிட்டால் போதாது. முகவரிப் புத்தகம் மட்டும் இருந்து வீடு இடிந்துபோனால் என்ன பிரயோஜனம்? பாட்டு ஃபோல்டரை ஃபோல்டர் அமைப்பு மாறாமல் வேறொரு டிஸ்கிலும் எடுத்து வையுங்கள். செராட்டோ என்றால் மியூசிக் ஃபோல்டரில் இருக்கும் '_செராட்டோ_' ஃபோல்டரையும், வெளி டிரைவில் பாட்டு வைத்திருந்தால் அதில் இருக்கும் இன்னொரு '_செராட்டோ_' ஃபோல்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு, வெளி டிரைவில் இருந்த க்ரேட்டை (செராட்டோவின் ப்ளேலிஸ்ட்) காணோம் என்று அடுத்த மாதம் எழுதாதீர்கள்.